அரைக் கட்டை குறைந்த பியானோ

என் காதைப் பற்றி நானே பெருமை பேசக்கூடாதுதான். வேறு யாரும் பேச மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்ய? பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். இருபது வருஷமாக ஒருவரும் குறை சொன்னதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது அக்காவின் கச்சேரி நாளில்.

அக்கா ஒரு டாங்கோ நடன இசைக்குழுவில் பியானோ வாசிக்கிறாள். அந்தக் குழுவை எங்கள் தேவாலயத்துக்கு வரவழைத்ததே நான்தான். போதகரம்மாவை மூன்று மாதம் நச்சரித்தேன். முந்நூறு வருஷத்துக் கல் கட்டடம் அது. நடுவில் நின்று கைதட்டினால் சத்தம் கூரை வரை போய் நிதானமாகத் திரும்பி வரும். வாசலில் ‘யாரும் வரலாம்’ என்று ஒரு பலகை. அதன் கீழே போதகரம்மா தன் கையால் எழுதியது: ‘யாரும் என்றால் யாரும்தான்.’

அந்தப் பலகைக்காகத்தான் இத்தனை பாடும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நாங்கள் பிறந்து வளர்ந்த கோயிலில் அக்காதான் பியானோ. அவள் ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ ஆரம்பித்தாள். கமிட்டிக்காரர்கள் ஆராதனை முடிந்த கையோடு, எல்லார் முன்னாலும் பியானோ சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அக்கா எழுந்து வெளியே போனாள். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவள் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. இன்று வந்து வாசிக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அக்காவின் துணைவியை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு நம் உறவுமுறையில் வழியில்லை. அத்தான் என்றால் உதைப்பாள். அக்காவைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் பெரியக்கா என்று வைத்துவிட்டேன். கச்சேரியில் அக்காவுக்கு இசைத்தாள் புரட்டுவது பெரியக்காதான்.

நாலு மணிக்கு வந்து இறங்கினார்கள். வயலின்கள், ஆளுயர வயலின் மாதிரி ஒரு டபுள் பேஸ், நாலு பாண்டோனியன். பாண்டோனியன் என்பது மடியில் வைத்து இரண்டு கையாலும் இழுத்து அமுக்கும் துருத்திப்பெட்டி. கொட்டு, முழவு எதுவும் கிடையாது. தாளத்தைப் பிடிப்பது பியானோவின் இடக்கைதான். அக்கா உட்கார்ந்து முதல் கட்டைகளை அழுத்தினாள், பெட்டிகள் சேர்ந்துகொண்டன. ஐயோ, சாமி! நாலு பூனையை ஒரே சாக்கில் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அங்கே ஓர் ஆர்கன் இருக்கிறது, கட்டடத்தின் வயசு அதற்கும். அந்தக் காலத்துச் சுருதி, இன்றைய கணக்கில் அரைக் கட்டை கம்மி. ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் ஆர்கனோடு சேர்ந்து பியானோ வாசிப்பார். அதனால் பதினோரு வருஷமாக அந்தப் பியானோவை ஆர்கனுக்குத்தான் சேர்த்து வருகிறேன். இந்தத் தடவையும் கை அதுபாட்டுக்கு அப்படியே சேர்த்துவிட்டது. என்ன சுருதி வேண்டும் என்று குழுவினர் கடிதம் எழுதியிருந்தார்களாம். என் காதுக்கே பாடமா என்று நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. திமிர்தான், வேறென்ன.

குழுத் தலைவர் மீசையை நீவினார். “வயலினை இறக்கிக்கலாம்மா. பெட்டிய இறக்க முடியாது, உள்ள இருக்கிறது கம்பி இல்ல, உலோகத் தகடு. நீங்கதான் பியானோவ ஏத்தணும்.”

“இதோ,” என்று சுருதிச் சாவியைக் கம்பியின் முளையில் மாட்டித் திருப்பினேன். முதல் கம்பி படீரென்று அறுந்தது. எல்லாம் வயசான கம்பிகள். ஏற்றினால் இன்னும் எத்தனை போகுமோ! ஆறு மணிக்குக் கச்சேரி.

“சரி, பியானோவ ஓரமா தள்ளிடுங்க. பேஸ் வச்சு ஒப்பேத்திக்கலாம்,” என்றார் தலைவர்.

மறுபடியும் ஒரு கோயில், மறுபடியும் அக்காவை எழுந்து போகச் சொல்கிறார்கள். இந்தத் தடவை காரணம் நான்.

“யாரும் தள்ள வேணாம். அவ உக்காந்த இடத்துலதான் இருப்பா,” என்று பியானோவுக்கு முன்னால் போய் நின்றேன். குரல் தேவைக்கு மேலேயே போய்விட்டது.

“நகருடி, வெளிச்சத்த மறைக்காத,” என்றாள் அக்கா. “இது அரைக் கட்டை கம்மி, அவ்வளவுதானே? நான் எல்லாத்தையும் அரைக் கட்டை ஏத்தி வாசிச்சா போச்சு.”

“பதினாலு பாட்டுக்கா! தாள்ல ஒண்ணு இருக்கும், விரல் வேற எங்கயோ போகணும்.”

“பக்கத்துக் கட்டைக்குத்தானே போகணும், பக்கத்து ஊருக்கா? நம்ம பழைய கோயில் பாடகர் குழுவ மறந்துட்டியா? ஒரு அத்தைக்குத் தொண்ட கட்டினா இறக்கு, இன்னொருத்திக்கு உற்சாகம் வந்தா ஏத்து. பத்து வருஷம் வாராவாரம் இதைத்தானே பண்ணேன். சாவியத்தான் வாங்கினாங்க, கைய வாங்கலையே!”

பெரியக்கா சிரித்தாள். தலைவர் ஒரு பாட்டைச் சோதித்துப் பார்த்தார், அப்புறம் அடுத்த பாட்டின் தாளைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

ஆறு மணிக்கு இடமில்லை. பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்தி, நடுவில் ஆடுவதற்கு வழி விட்டிருந்தோம். கோட்டுப் போட்ட இரண்டு கிழவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து முதலில் இறங்கினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இடம் கிடைக்குமா என்றுதான் பார்த்தார்கள். மூன்றாவது பாட்டில் அக்காவின் ஒரு விரல் தாளில் இருந்த கட்டைக்கே போய்விட்டது. அவள் அடுத்த வரியில் அதே இடத்தில் அதே தப்பை வேண்டுமென்றே இன்னொரு தடவை அழுத்தி, அதை ஓர் அலங்காரமாக்கிவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை, வெளுத்து வாங்கினாள்.

கூட்டம் கலைந்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அன்னிக்கு நானும் எந்திரிச்சு உன்கூட வெளிய வந்திருக்கணும்க்கா.”

“ஆமா, வந்திருக்கணும்,” என்றாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அழுதேன். கைக்குட்டை கொடுத்தது பெரியக்கா.

மூக்கைச் சிந்திக்கொண்டு, “நாளைக்கே புதுக் கம்பி எல்லாம் போட்டு, நீங்க கேட்ட சுருதிக்கு ஏத்தி வச்சிடறேன்,” என்றேன்.

“அறுந்தத மட்டும் போடு. சுருதியில கை வைக்காத.”

“ஏன்க்கா?”

அக்கா பியானோ மூடியை இறக்கினாள்.

“ஞாயித்துக்கிழமை ஆர்கனோட சேரணும்ல? எத்தன மணிக்குடி ஆரம்பிப்பீங்க?”