பட்டியலில் இல்லாத சத்தம்

"தாணுச் சேட்டா, நீங்க கேறினா மெஷின் தாங்குமா?" என்றாள் கூட வேலை பார்க்கும் டெக்னீஷியன் சுஜா. தாணு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு எம்.ஆர்.ஐ. மேசையில் ஏறிப் படுத்தான்.

பழவங்காடி முக்கிலிருக்கும் அந்த ஸ்கேன் சென்டருக்குத் தொடையைச் சுற்றிப் போர்வைபோல் கட்டிப் படமெடுக்கும் ‘காயில்’ என்ற கருவி ஒன்று புதிதாக வந்திருந்தது. நோயாளிக்குப் போடுமுன் ஊழியர் ஒருவர் காலில் கட்டிச் சோதிப்பது வழக்கம். பொருத்த வந்த இன்ஜினியர் நவநீத் ஆள் கேட்டதும், பதினோரு வருஷ டெக்னீஷியனான தாணுவே முன்வந்தான். இரண்டே ஸ்கேன். எட்டு நிமிஷம். அப்புறம் டீ.

முதல் ஸ்கேன் டக் டக்கென்று ஓடியது. இரண்டாவதன் தாளமும் அவனுக்கு அத்துப்படி. முடிந்தது. ஆனால் மேசை வெளியே வரவில்லை.

டர்ர்ர்ரென்று மூன்றாவதாக ஒரு சத்தம் ஆரம்பித்தது.

தாணுவின் கண்கள் திறந்துகொண்டன. அது டிஃப்யூஷன். கட்டி தென்பட்டால், அதற்குள் செல்கள் எவ்வளவு நெருக்கமாக மண்டிக் கிடக்கின்றன என்று பார்க்கப் போடுவது. சோதனைப் பட்டியலில் அது கிடையாதே! சுஜா தப்பான பட்டனை அமுக்கிவிட்டாள், வெளியே போனதும் அவளைக் காய்ச்சி எடுக்க வேண்டும் என்று நினைத்தான்.

ஸ்பீக்கர் கரகரத்தது. "சேட்டா, ரண்டே நிமிஷம். அனங்காம, அசையாம கிடங்க. ஒண்ணும் பேடிக்க வேண்டாம், கேட்டோ."

காலையிலிருந்து அவனை வாரிக்கொண்டிருந்த அதே வாய்! இப்போது தேன் ஒழுகியது. படத்தில் எதையாவது பார்த்துவிட்டால்தான் நோயாளியிடம் இந்தக் குரலில் பேசுவார்கள். அவனும் பேசியிருக்கிறான்.

மூன்று மாதமாகவே இடது தொடையில் பேன்ட் பிடித்தது. மனைவி செண்பகவல்லி, ஒரு கால் மட்டும் பருத்திருக்கிறதே என்று கேட்டபோது, ஷட்டில் ஆடுகிற கால் அப்படித்தான் இருக்கும் என்று சிரித்திருந்தான். வலி துளிகூட இல்லை.

மேசை வெளியே வந்தது. பக்கத்தில் ரேடியாலஜிஸ்ட் ஸ்ரீகண்டன் நின்றார். லேசில் தன் அறையை விட்டு எழுந்து வராத மனுஷர்.

"தாணு, ஒரு ஊசி போட்டு இன்னொரு தடவை பாத்துடலாம், கேட்டியா."

"எத்தன சென்டிமீட்டர் சார்?"

அவர் மழுப்பவில்லை. "எட்டு. தசைக்குள்ள, ஆழத்துல."

தாணு மனசுக்குள் கணக்குப் போட்டான். ஐந்தைத் தாண்டிய கட்டி, அதுவும் ஆழத்தில். சார்க்கோமாவாகத்தான் இருக்கும். தசையில் வரும் அபூர்வப் புற்று. அந்த சென்டரில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம்.

ஊசிக்குப் பின் எடுத்த படத்தைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிப் பார்த்தான். தொடைத் தசைக்குள் கட்டியின் ஓரம் பளீரென்று ஒளிர்ந்தது, நடுவில் கறுப்பு. மேலே அவன் பெயர், அவன் வயது.

"நெஞ்சையும் எடுத்துருவோம் சார்," என்றான்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஜாதிக் கட்டி காலை விட்டுக் கிளம்பினால் முதலில் போய் உட்காருவது நுரையீரலில். காலோடு நின்றிருந்தால் அறுத்தெடுக்கலாம். காலையே காப்பாற்றிவிடவும் முடியும். நெஞ்சுக்குப் போயிருந்தால்...

அடுத்த அறையில் சி.டி. மேசை நகர்ந்தது. தலைக்கு மேலே ஓர் ஆண்குரல், "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றது. தமிழ் நோயாளிகளுக்காக அவனே பேசிப் பதிந்து வைத்த குரல். முதல் தடவை மூச்சு நிற்காமல் உதறியது. மறுபடி எடுத்தார்கள்.

ஐந்து நிமிஷம் கழித்து ஸ்ரீகண்டன் வந்தார். பின்னாலேயே சுஜா, கண் சிவந்து.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. திங்கக்கிழமை பயாப்ஸி. அதுவரைக்கும் அந்த இடத்தை யாரும் தொடப்படாது. உழிச்சில், மசாஜ், தைலம் ஒண்ணும் வேண்டாம்."

தாணு எழுந்து உட்கார்ந்தான். வலது காலைக் கீழே இறக்கினான். இடது கால் தரைக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. அதை ஊன்ற அவனுக்குத் தைரியம் வரவில்லை.