மத்தியான ரயிலில் பார்த்த வீடு

புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் புருஷனுக்கு வாய் ஓயவில்லை. பால்கனி, காற்று, இரண்டு படுக்கையறை, சுற்றிலும் ஒரு சத்தம் கிடையாது.

"ரயில்ல ஏறி உட்கார்ந்தா ஒரு தூக்கம் போடலாம். கண்ணை முழிச்சா உன் கடை வந்துடும்" என்றார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் நாள் முழுக்க நின்றபடி, "இது தெளிவா இருக்கா, முன்னாடி வெச்சது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டே வாயும் காலும் ஓய்ந்துபோகும். அதற்கு மேல் வீட்டுக்கு வந்து வாதாட அவளுக்குத் தெம்பு ஏது?

ஆனால் அவர் எங்கே தப்பு செய்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவர் தியேட்டரில் படம் ஓட்டுகிறவர். ஊரெல்லாம் வேலைக்குப் போய் அடங்கின பிறகு மத்தியானம் கிளம்புவார். கடைசி ஆட்டம் முடிந்து தியேட்டர் வேனில் வந்து இறங்கி, ஊர் எழுந்திருக்கிற நேரத்தில் அசந்து தூங்குவார். கல்யாணமான நாளிலிருந்து காலை நேரத்து ரயிலை அவர் கண்ணால் கண்டதில்லை. வீடு பார்க்கப் போனதும் மத்தியானம்தான். ஆளில்லாத பெட்டியில் காலை நீட்டிக்கொண்டு போனவர், ரயில் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

இப்போது இருக்கிற வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். கைக்கு எட்டினது இரண்டே இடம். ஒன்று, ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் அந்தப் பால்கனி வீடு. இன்னொன்று, கண்ணாடிக் கடைக்கு நடந்தே போகிற தூரத்தில், பஸ் நிலையத்தை ஒட்டி, செல்போன் கடைக்கு மேல் மாடி. கடைக்காரன் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே பாட்டைப் போட்டுவிடுவான். ராத்திரி பூட்டும்போதுதான் நிறுத்துவான். ஒன்று இவர் தூக்கம் போக வேண்டும், இல்லையென்றால் அவள் கால் போக வேண்டும்.

"நாளைக்கு ஒரு நாள் காலையில என்கூட வாங்க. அப்புறம் நீங்க சொல்ற வீட்டுக்கே வர்றேன்" என்றாள்.

"என்ன, பரீட்சையா?"

"ஆமா. எழுதாமலே பாஸாகப் பாக்குறீங்களே."

மறுநாள் அரைத் தூக்கத்தில், தேய்த்த சட்டையோடு வந்து நின்றார். ரயில் வந்தது. கதவில் தொங்கியவர்களைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினார்.

"அடுத்ததுல போலாமே?"

"அடுத்தது இதோட தங்கச்சிதான். ஏறுங்க."

அவரை முன்னால் தள்ளி, பின்னால் அவளும் நுழைந்தாள். அவள் தினமும் பார்க்கிற நர்ஸம்மா, டிபன் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

"யாருக்கா இது, புது ஆளு?"

"எங்க வீட்டுக்காரர். ஊர் சுத்திக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

"நல்ல இடமாத்தான் பாத்திருக்கீங்க!"

பக்கத்தில் ஒருத்தர் செல்போனில் சீரியலைச் சத்தமாக வைத்திருந்தார். மாமியார் ஒருத்தி விடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"இவ திருந்திட்டாளா?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

"எங்கே திருந்தறது? இன்னும் ஒரு வருஷம் ஓட்டணுமே" என்று முகம் தெரியாத ஒரு குரல் பின்னாலிருந்து சொன்னது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க தியேட்டர்ல டிக்கெட் வாங்கிட்டு வந்து, ஏசியில உட்கார்ந்துக்கிட்டு ஆளாளுக்குப் போனைப் பாக்குறாங்க. இங்கே மூச்சு விட இடமில்ல, என்ன ரசனை பாரு!"

"இங்கே வேற எதைப் பாக்குறதாம்?" என்றாள் அவள். இந்த ஊரில் புருஷன் முகத்தைவிட முன்னால் நிற்பவர் பிடரிதான் அவளுக்குப் பழக்கம்.

இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரயில் நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மின்விசிறி சூட்டைக் கிளறிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? எனக்கு இப்போ நாலே ஸ்டேஷன். அந்த வீட்டுலேர்ந்து வந்தா இதுவே நாலு மடங்கு. தினமும். போக வர."

"அண்ணன் தூங்கிட்டாருக்கா" என்றாள் நர்ஸம்மா மெதுவாக.

நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பிடியைக்கூடப் பிடித்திருக்கவில்லை, சுற்றி நின்றவர்கள்தான் அவரை விழாமல் வைத்திருந்தார்கள். மாமியாரின் அழுகை அவர் காதோரமாகவே நடந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தாடையில் இத்தனை நரை எப்போது வந்தது? எழுப்பாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் நிலையம் வந்ததும் கையைப் பிடித்து இழுத்து இறக்கி, நடைமேடை பெஞ்சில் உட்காரவைத்தாள். அவர் சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது.

"பஸ் ஸ்டாண்டு வீட்டையே சொல்லிடலாம்" என்றார்.

"அவன் பாட்டு போடுவானே. எப்படித் தூங்குவீங்க?"

"இப்போ தூங்கலையா? அந்தம்மா என் காதுக்குள்ளயே அழுதா. எனக்கு ஒண்ணும் தெரியல."

அது தூக்கமில்லை, அசதி. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். செருப்புக்குள் கால் இப்போதே வீங்கியிருந்தது, கடை இன்னும் திறக்கக்கூட இல்லை. சொல்லாமல் விட்டுவிட்டாள்.

"அப்போ புரோக்கருக்கு நீங்களே போன் பண்ணிடுங்க."

அவர் போனைக் காதில் வைத்தார். படிக்கட்டு வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். போன் காதிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. கண் மூடியிருந்தது. "ஹலோ, ஹலோ" என்று மடி பேசிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து போனை எடுத்தாள்.

"நான்தான் பேசறேன் தம்பி. பஸ் ஸ்டாண்டு வீடு. அதையே முடிச்சிடுங்க."

"சத்தமாப் பேசுங்கக்கா, கேக்கல."

அவள் சத்தத்தைக் கூட்டவில்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டாள். "பின்பக்கம் ஒரு ரூம் பூட்டியிருந்துச்சே, அதுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?"

"அதுக்கு ஜன்னலே கிடையாதுக்கா. இருட்டு. வீட்டுக்காரர் பழைய சாமானெல்லாம் போட்டு வெச்சிருக்காரு."

"காலி பண்ணித் தரச் சொல்லுங்க" என்றாள். "அது இருந்தாத்தான் வருவோம்."