பழைய மெஷினின் புது விலை

“பெட்டி அதே பெட்டிதானே? மேல ஒட்டுன சீட்டு மட்டும்தானே புதுசு?”

“சார், சீட்டு ஒட்டினதால விலை ஏறல. விலை ஏறினதாலதான் சீட்டு ஒட்டினோம்.”

“ரெண்டு மாசம் முன்னாடியும் இது இதே அலமாரிலதான் இருந்துச்சு. நகரக்கூட இல்ல. உக்காந்த இடத்துலயே எப்படி விலை ஏறும்?”

கடையின் பின்னறையில், கையில் விலைச்சீட்டுச் சுருளோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். குரல் யாருடையது என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. வேன் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். தினமும் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு வருவான். கடை மூலையில் வாடிக்கையாளர்கள் ஆடிப்பார்க்க வைத்திருக்கிற வீடியோ கேம் மெஷினில் ஒரே ஒரு கார் பந்தயம் ஓட்டிவிட்டுப் போவான். வழக்கமாக அவனைத் ‘தம்பி’ என்று கூப்பிடுகிற அவள் வீட்டுக்காரர் இன்றைக்கு ‘சார்’ போடுகிறார் என்றால், கோபம் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வராமல் என்ன செய்யும்? ஒரு மாதமாக மனுஷனுக்கு இதே வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்களுக்கு வரி என்று செய்தியில் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். அப்புறம் வேறு ஒரு கணக்கில் மறுபடியும் போட்டார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஹோல்சேல் ஆபீஸ் பையன் புது விலை அனுப்புவான், அவள் உட்கார்ந்து சீட்டு ஒட்டுவாள். பழைய சீட்டை உரித்தால் பெட்டியின் பளபளப்பான படமும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வரும், படம் பிய்ந்த பெட்டியை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அதன் மேலேயே புதுசை ஒட்டுவது. வேன் தம்பி சாவியால் ஓரத்தைச் சுரண்டியிருக்கிறான் போல.

“அக்காவைக் கூப்பிடுங்க,” என்றான் அவன். “அக்காதானே சொன்னாங்க, வெயிட் பண்ணுங்கன்னு.”

அவள் சுருளைக் கீழே வைத்தாள். சொன்னாள்தான். ரெண்டு மாதம் முன்னால் பணத்தோடு வந்து நின்றவனை அவள்தான் திருப்பி அனுப்பினாள். ‘புது மெஷின் வரப்போகுது தம்பி. அது வந்த அன்னைக்கே பழசு விலை இறங்கிடும். எதுக்கு இப்ப வாங்கி ஏமாறணும்?’ இதே கல்லாவில் நின்று எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. புதுசு வரும், பழசு இறங்கும். மழை வந்தால் குடை விற்கிற மாதிரி நிச்சயமான சங்கதி அது. இந்தத் தடவை என்ன ஆயிற்றென்றால், வரி எவ்வளவு என்று தெரியாமல் விலை வைக்க முடியாது என்று சொல்லி மெஷின் செய்கிற கம்பெனி புதுசின் வெளியீட்டையே தள்ளி வைத்துவிட்டது. போதாததற்குப் பழசின் விலையையும் ஏற்றிவிட்டது. செய்து இத்தனை வருஷமான மெஷின், வயது ஏற ஏற விலையும் ஏறுகிற அதிசயத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் புது மெஷினின் விளம்பரத்துக்காக வந்த ஆளுயர அட்டை வீரன் நின்றிருந்தான். நெஞ்சில் அச்சடித்திருந்த வெளியீட்டுத் தேதியின் மேல் ‘விரைவில்’ என்று அவளே தாள் ஒட்டியிருந்தாள். கவசம் போட்டுக்கொண்டு வாளை ஓங்கியபடி, விரைவில் விரைவில் என்று அவனும் எத்தனை நாள்தான் நிற்பான்?

“வாங்கக்கா,” என்றான் வேன் தம்பி. “நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நம்பினேன்.”

“நான் என்ன வேணும்னா சொன்னேன் தம்பி? எப்பவும் இறங்கும். இந்தத் தடவை வரிய நெனச்சா ஏத்துறாங்க, நெனச்சா நிறுத்துறாங்க.”

“சரிக்கா, வரி ஏறிடுச்சு. இந்தப் பெட்டி வரிக்கு முன்னாடி வந்ததுதானே? இதுக்கு நீங்க கட்டாத வரிய நான் எதுக்குக் கட்டணும்?”

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவரிடம் பதில் இருந்தது.

“இதை உனக்குப் பழைய விலைக்குக் குடுக்கறேன்னு வை,” என்றார். கோபத்தில் ‘சார்’ எப்போதோ கழன்று விழுந்திருந்தது. “இந்தக் காசை வெச்சுத்தான் நான் அடுத்த பெட்டி எடுக்கணும். ஹோல்சேல்காரன் புது விலை கேப்பான். மிச்சத்துக்கு நான் எங்க போவேன்? பத்துப் பேருக்கு நல்லவனா இருந்தா பதினோராவது ஆளுக்குக் கடையே இருக்காது.”

“அதுவும் நியாயம்தான்,” என்றான் வேன் தம்பி. உடனே அவனுக்கே தன் மேல் எரிச்சல் வந்திருக்க வேண்டும். “எல்லாரும் நியாயமாவே பேசுறீங்க. எனக்கு மட்டும் மெஷின் இல்ல.”

அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூலைக்குப் போனான். ஸ்டூலை இழுத்துப் போட்டு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான். கோபத்திலும் பழக்கம் போகவில்லை.

“ரெண்டு மாசமா ஓசில ஓட்டுறான்,” என்று முணுமுணுத்தார் வீட்டுக்காரர்.

“சும்மா இருங்க.”

“நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா அன்னைக்கே வித்திருக்கும். பெரிய ஜோசியக்காரி.”

அவள் திருப்பிக் கொடுத்திருப்பாள், அதற்குள் போன் அடித்தது. ஹோல்சேல் பையன். வரி குறையலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறதாம். அப்படியானால் விலை இறங்குமா என்று கேட்டாள். இறங்கலாம் என்றான். ஏறவும் செய்யலாமா? ஏறவும் செய்யலாம். “எங்களுக்கே தெரியலக்கா. எதுக்கும் ரெடியா இருங்க,” என்றான். எதற்கு ரெடியாக இருப்பது? சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

பெட்டியைக் கையில் எடுத்தாள். சாவி சுரண்டிய ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். சீட்டோடு சேர்ந்து படத்திலிருந்த கன்ட்ரோலரின் பாதி உரிந்து வந்தது. சட்டென்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.

“வரி குறையுதாமா?” திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான் வேன் தம்பி.

“குறையலாமாம்.”

“நாள் பூரா வேன் ஓட்டுறேன், வேகம் நாப்பதைத் தாண்டினா ஸ்கூல்லேந்து போன் வந்துடும்க்கா. வீட்டுக்குப் போய் ஒரு இருநூறுல ஓட்டணும், அவ்வளவுதான் ஆசை. எக்ஸ்ட்ரா ட்ரிப் அடிச்சுச் சேத்த காசு. வீட்ல சிரிக்கிறா, அம்பது பிள்ளைங்கள ஏத்துற மனுஷனுக்குப் பொம்மைக் கார் கேக்குதான்னு. ஆனா சரின்னுட்டா. கொறையுற காசையும் அவளே தரேன்னா. இந்த வாரத்துக்குள்ள வாங்கினாதான். அடுத்த வாரம் பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ். அதுல போச்சுன்னா, அப்புறம் இந்த ஜென்மத்துல கேக்க முடியாது.”

திரையில் மற்ற கார்கள் அவனை உரசிக்கொண்டு பறந்தன. அவன் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேகத்தைக் குறைத்தான். கன்ட்ரோலரில் விரல்தான் பிரேக் என்பது அவன் காலுக்கு இன்னும் தெரியவில்லை. வலது பாதம் கடையின் தரையோட்டை அழுத்தி அழுத்தி எடுத்தது.

“இன்னைக்கு ஏறின விலைக்கு வாங்கி, அடுத்த வாரம் இறங்கிச்சுன்னா வீட்ல என் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?” என்றான். “நீங்களே சொல்லுங்கக்கா. வாங்கிடவா, வெயிட் பண்ணவா?”

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். எதையாவது சொல்லித் தொலைக்காதே என்கிற பார்வை. வேன் தம்பி திரும்பவில்லை. அவன் பாதம் தரையை அழுத்தியபடியே நின்றது. பிய்ந்த படத்தின் மேல் கட்டைவிரலை வைத்தபடி அவளும் நின்றாள்.

இதைப் படித்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். அந்தக் கல்லாவில் நீங்கள் நின்றிருந்தால், அவனுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?