இடது முன்சீட்டு

புது வண்டி வாங்கினால் அண்ணன் கொஞ்ச நாளைக்கு வரமாட்டான்.

காஞ்சனா இதை யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தைந்து வருடத்தில் ஐந்து வண்டி மாற்றிவிட்டாள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகமானது. திருப்பதியில் இரண்டு ஸ்கேன் சென்டர் நடத்துகிறவளுக்கு வேறு செலவு என்ன, நகையா புடவையா, வண்டி ஒன்றுதானே என்று கணவன் ஹரிபிரசாத் எல்லோரிடமும் சிரித்தபடி சொல்வான். அவளும் சிரிப்பாள்.

புது வண்டியில் இடது முன்சீட்டு சில மாதங்கள் வெறும் சீட்டாகவே இருக்கும். பிறகு ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு வளைவில், அங்கே ஆள் உட்கார்ந்த கனம் தெரியும். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. போர்வைக்குள் கண்ணை மூடிப் படுத்திருக்கையில் பக்கத்தில் படுத்திருப்பவர் விழித்திருப்பது தெரியுமே, அப்படித்தான் அதுவும் தெரியும். அழுத்தி ஓட்டினால் கொஞ்ச நேரம் போய்விடும். வேகத்தைக் குறைத்தால் மறுபடி இருக்கும். முதல் வண்டியில் அவன் வர ஒரு வருடம் பிடித்தது. கடைசியாக வாங்கிய வெள்ளை வண்டியில் மூன்றே வாரம்.

அண்ணன் ஆதிநாராயணன் செத்தது நாராயணவனத்துக்குப் போகும் சாலையில், ஒரு புளியமரத்தில் மோதி. அவனுடைய கருநீலக் கண்டெசா கார். வேகமாக ஓட்டினான், செத்தான் என்பது போலீஸ் எழுதியது, ஊர் சொன்னது, குடும்பம் ஏற்றுக்கொண்டது. ஓட்டியது காஞ்சனா. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. லைசென்ஸ் இல்லை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. செய்தி கேட்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கிய நைனா, மகனைத் தரையில் கிடத்தியிருந்ததைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு காருக்குள் குனிந்து, அவள் முன்னால் இழுத்துப் போட்டிருந்த டிரைவர் சீட்டை ஒரே தள்ளாகப் பின்னுக்குத் தள்ளினார். அண்ணன் ஆறடி. "நீ பின்சீட்டுல குந்தினு இருந்த. செத்தவன் மேல கேஸ் நிக்காது" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

நைனா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது அந்தச் சீட்டு தள்ளப்பட்டது தெரிந்தவள் அவள் மட்டும்.

இந்த முறை முன்னால் இரண்டு வண்டிகள் இருந்தன. ரேணிகுண்டா சாலை ஷோரூமில் ஒரு ஜெர்மன் கார், நிற்கிற இடத்திலிருந்து நூறைத் தொட நாலரை விநாடி. இன்னொன்று சித்தூரில் முனிரத்தினம் என்பவரின் ஷெட்டில் இருந்த எண்பத்தொன்பதாம் வருடக் கண்டெசா. அதைக் கண்டுபிடித்தவள் அக்ஷயா, அண்ணன் மகள். அப்பா செத்து மூன்று மாதம் கழித்துப் பிறந்தவள். காஞ்சனா படிக்க வைத்து, இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அவளிடம் அப்பாவின் படம் ஒன்றே ஒன்று உண்டு. அதில் அவன் கருநீலக் கண்டெசா மேல் சாய்ந்து நிற்பான்.

"அதே கலர் அத்தை. இந்தக் காலத்துல யாருகிட்டயும் இல்ல. நீ போனா ரோட்டே திரும்பிப் பார்க்கும்."

"பார்க்கும்" என்றாள் காஞ்சனா. அந்த வண்டியை நினைத்தால் வருவது பயம் என்று முதலில் நினைத்தாள். பிறகு யோசித்துப் பார்த்தபோது அது ஆசை மாதிரியும் இருந்தது. எப்படியும் வரப்போகிறவன், அவன் வண்டியிலேயே வந்து உட்காரட்டுமே.

சனிக்கிழமை காலை இருவரும் முதலில் ஷோரூமுக்குப் போனார்கள். டெஸ்ட் டிரைவுக்கு வந்த பையன் கிஷோர் டையும் சிரிப்புமாக இருந்தான். "மேடம், முன்னாடி ஃப்ரீயா இருங்க. நானும் சிஸ்டரும் பின்னாடி உக்காந்துக்கறோம். பண்டி எலா உந்தோ மீரே சூடண்டி" என்று, வண்டி எப்படி இருக்கிறதென நீங்களே பாருங்கள் என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டான்.

விமான நிலையத்துச் சாலை காலியாக இருந்தது. அவள் காலை அழுத்தினாள். முதுகை யாரோ சீட்டோடு சேர்த்துப் பிடித்து அமுக்கியது போல வண்டி பாய்ந்தது. பின்னால் அக்ஷயா "அய்யோ அத்தை!" என்று கத்திச் சிரித்தாள். காஞ்சனாவின் மண்டைக்குள் இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சத்தம் நின்றது. இதுதான், இதில் அவனால் ஏற முடியாது என்று நினைத்தாள்.

அப்போது மணி அடித்தது. டிங், டிங், டிங். முன்னால் திரையில் சிவப்பாக ஒரு மனித உருவம். இடது முன்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை.

அவள் கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று.

"ஒண்ணும் இல்ல மேடம். உங்க ஹேண்ட்பேக் அந்த சீட்டுல இருக்கு. அந்த வெயிட்டுக்கு அடிக்குது. எடுத்துக் கீழ வெச்சிடுங்க, நின்னுடும்."

கைப்பையை எடுத்துக் கீழே வைக்க ஒரு விநாடி போதும். ஆனால் அவள் வண்டியை ஓரம் கட்டி, சாய்ந்து, அந்தப் பெல்ட்டை இழுத்து, காலிச் சீட்டுக்குக் குறுக்கே மாட்டினாள். மணி நின்றது.

மூன்று வாரம்கூட இல்லை. மூன்று நிமிடம்.

திரும்பி வந்து தன் வெள்ளை வண்டியில் சித்தூர் கிளம்பினாள். அக்ஷயா பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்தபடி பேசிக்கொண்டே வந்தாள். அவள் இருந்தால் அண்ணன் வருவதில்லை. இடமில்லை என்பதாலா, மகளைப் பார்க்க முடியவில்லை என்பதாலா, காஞ்சனாவுக்குத் தெரியாது.

சந்திரகிரி தாண்டியதும் அக்ஷயா போனைக் கீழே வைத்தாள். "அத்தை, போற வழியில காணிப்பாக்கம் போலாம்."

"இப்பவா? எதுக்கு?"

"அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. கம்பெனியில எனக்குக் கார் குடுக்கறாங்க இல்ல, ரெண்டு பிளான்ட்டுக்கும் நானே ஓட்டிக்கினு போகணும்னு. அம்மா ஒரு வாரமா துன்னல. நான் லைசென்ஸே எடுக்கமாட்டேன், ஜென்மத்துக்கும் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன்னு சாமி முன்னாடி சத்தியம் பண்ணணுமாம்."

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய் நிற்காது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. குடியை விடுகிறவன் அங்கே போய் சத்தியம் செய்வான். ஊரில் தகராறு முற்றினால் "காணிப்பாக்கம் வரியா?" என்று ஒருவன் கேட்பான், பாதிப் பேர் பஸ் ஏறுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிடுவார்கள். அந்தக் கோயிலுக்குள் காஞ்சனா இருபத்தைந்து வருடமாகக் காலடி வைத்ததில்லை. எல்லோரும் போவார்கள், அவள் வெளியே நிற்பாள்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

"சரின்னுட்டேன். அவங்க சொல்றதும் தப்பில்ல அத்தை. அப்பாவோட அந்த வேகம் எனக்குள்ள இருந்தா? சின்னப் புள்ளையில சைக்கிள்ல பள்ளத்துல எறங்கும்போது எனக்கு நிறுத்தவே தோணாது. கையெல்லாம் கூசும். அம்மா அதப் பார்த்துட்டு அன்னைக்கே சைக்கிளைத் தூக்கி யாருக்கோ குடுத்துட்டாங்க." சிரித்தாள். "ரத்தத்துல கீதுன்னு சொல்லுவாங்க."

கோயில் வாசலில் புது வண்டிகள் மாலை போட்டுக்கொண்டு பூஜைக்கு வரிசையில் நின்றன. தரிசன வரிசை தேரடி வரைக்கும் வந்திருந்தது. அக்ஷயா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு மணி நேரம் ஆகும் போல. திரும்பி வரும்போது பண்ணிக்கலாம். ஒரு விதத்துல நல்லதுதான். அந்தக் கண்டெசாவுல ஒரே ஒரு தடவை டிரைவர் சீட்டுல உக்காந்துட்டு வந்து சத்தியம் பண்றேன். சும்மா உக்காரதான். நீயும் உள்ள வரணும். நீதான் சாட்சி."

"எனக்கு... தூரம்டி."

அக்ஷயா அவளையே பார்த்தாள். "இங்க வந்தா மட்டும் உனக்கு எப்படி அத்தை கரெக்டா வருது? உனக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சே. நான்தானே டாக்டர்கிட்ட கூட்டிப் போனேன்."

காஞ்சனா வண்டியைக் கிளப்பினாள்.

முனிரத்தினத்தின் ஷெட், மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஒன்றின் பின்புறம் இருந்தது. அறுபது வயதுக்காரர், விரல் நகமெல்லாம் கிரீஸ். தார்ப்பாயை எடுத்ததும் கருநீலம் வெளியே வந்தது. நீண்ட மூக்கு, வெள்ளிப் பட்டை, சதுர விளக்குகள். துடைத்துத் துடைத்து, அவர்கள் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு.

"எல்லாம் ஒரிஜினல் அம்மா. மெட்ராஸ்காரன் ஒருத்தன் வந்துட்டுப் போனான், தரமாட்டேன்னுட்டேன். அவன் இத ஹால்ல நிறுத்தி வெச்சிக்கறானாம். இன்னா இது, பொம்மையா? நீங்க ஓட்டுவீங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சி."

அக்ஷயா அதற்குள் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் நுழைந்துவிட்டாள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. அப்பாவைப் போல உயரம் அவள். "இத எப்படித் தள்றது?" என்று கீழே துழாவினாள்.

"முந்தாநேத்து என் வீட்டுக்காரம்மா உக்காந்தா, குள்ளம்" என்றார் முனிரத்தினம். "அடியில இரும்புக் கம்பி ஒண்ணு கீது பாரு பாப்பா. இரு, சாவி எடுத்தாறேன்." அவர் உள்ளே போனார்.

காஞ்சனா சுற்றிக்கொண்டு போய் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அந்தச் சீட்டில், அந்தப் பக்கத்தில், இத்தனை காலத்தில் முதல் தடவை. கண்ணாடிக்கு வெளியே நீளமான மூக்கு. இங்கிருந்து பார்க்கும்போது பிரேக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்பது உடம்புக்குத் தெரிந்தது. அவன் பார்த்தது இதைத்தான். இதே மாதிரி ஒரு டாஷ்போர்டில்தான் கையை ஊன்றியிருந்தான்.

இரண்டு வண்டியில் எது என்று ஒரு மாதமாக யோசித்தது உண்மையில் எதைப் பற்றி என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. ஒன்றில் அவனிடமிருந்து ஓடலாம். மற்றொன்றில் அவனைத் துடைத்துப் பளபளவென்று ஷெட்டில் வைத்துக்கொள்ளலாம். அவன் பெயரில் இருக்கிற பழியை மட்டும் எந்த வண்டியிலும் எடுக்க முடியாது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் இந்தப் பெண் அந்தப் பழியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, சாமி முன்னால் சத்தியமும் செய்துவிடுவாள்.

"கம்பியை மேல தூக்கு" என்றாள் காஞ்சனா. "தூக்கிட்டு, காலால உந்து."

சீட்டு கடகடவென்று பின்னால் போயிற்று. அக்ஷயா மூச்சுவிட்டாள். "இப்ப சரி. அப்பா இப்படித்தான் உக்காந்து..."

"அன்னைக்கு உங்கப்பா அங்க உக்காரல."

"ம்?"

"இங்க இருந்தான். நான் உக்காந்திருக்கற எடத்துல. நான்தான் ஓட்டினேன் அக்ஷயா."

அக்ஷயா திரும்பவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங் மேலேயே இருந்தன. காஞ்சனா எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கெஞ்சியது, சீட்டை முன்னால் இழுத்தது, இருட்டத் தொடங்கிய நேரத்தில் லைட் இல்லாமல் வந்த கரும்பு டிராக்டர், மரம், நைனா குனிந்தது. சொல்லச் சொல்ல எல்லாம் மிகச் சின்னதாக இருந்தது. இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது.

"அவன் நாப்பதுக்கு மேல போகவேமாட்டான்" என்றாள். "பஸ்காரன்லாம் பின்னாடி ஹார்ன் அடிச்சித் திட்டுவான். அதைக்கூட மறந்துட்டு எல்லாரும் போலீஸ் எழுதினத நம்பிட்டாங்க. அன்னைக்கு 'மெதுவா போ காஞ்சி, மெதுவா போ'ன்னு சொல்லிக்கினே இருந்தான். அந்த வேகம் என்னோடது. உன்னோட ரத்தத்துல அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

வெளியே ஃபேக்டரியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மாம்பழ வாசனை அழுகலோடு கலந்து வந்தது.

அக்ஷயா இறங்கினாள். கதவைச் சாத்தவில்லை. முன்னால் போய் நின்று போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறை அழைப்பு போயிற்று. ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் காரின் மூக்கின் மேல் வைத்தாள். காஞ்சனா இறங்கி அதன் முன்னால் வந்து நின்றாள்.

அப்போது சாவியோடு வந்த முனிரத்தினம் இருவர் முகத்தையும் பார்த்தார். "இன்னாம்மா, புடிக்கலையா?"

"நல்ல வண்டிங்க" என்றாள் காஞ்சனா. "நான் எடுக்கல. அந்தப் புது வண்டியும் எடுக்கல." அவர் சாவியோடு உள்ளே போய்விட்டார்.

"அலோ" என்றது போன். அண்ணி கோதை. பின்னால் கோழிச் சத்தம். "அக்ஷயா, கோயிலுக்குப் போனீங்களா?"

அக்ஷயா காஞ்சனாவைப் பார்த்தபடி நின்றாள். அவள் கண்ணில் இரக்கம் ஏதும் இல்லை.

"அண்ணி, நான்தான்."

"இன்னா காஞ்சனா, வண்டி எட்த்துட்டியா? எது எட்த்த?"

"எதுவும் எடுக்கல அண்ணி." பிறகு, எங்கே நிறுத்தினாலும் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்து, ஒரே மூச்சில் சொன்னாள். "அன்னைக்குக் கார ஓட்டினது அண்ணன் இல்ல அண்ணி. நான். நைனாதான் மாத்திச் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். இத்தன வருசமா சொன்னேன்."

கோழிகள் மட்டும் கேட்டன. போன் கட் ஆகிவிட்டதோ என்று காஞ்சனா குனிந்து பார்த்தாள். திரையில் அழைப்பு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு எந்தப் பக்கம் இருந்தாரு?" என்றாள் கோதை.

"எடது பக்கம் அண்ணி."

பிறகு கோதையின் குரல் வந்தது. அழுகையோ கோபமோ இல்லாமல், வழி கேட்பவள் குரல் போல இருந்தது.

"கங்கம்மான்னு ஒருத்தி, கழனியில வேலை செஞ்சிக்கினு இருந்தவ. அவதான் ஓடியாந்து அவர வெளிய இழுத்தா. காரியம் முடிஞ்ச மறுநாள் என்கிட்ட வந்து சொன்னா, எடது பக்கத்துக் கதவைப் பேத்துத்தாம்மா எட்த்தோம்னு. என் நாத்தனா பொய் சொல்லுவாளாடின்னு வாயில வந்ததெல்லாம் பேசி வெரட்டினேன். வெளக்கமாத்த எட்த்தேன் காஞ்சனா. அதுலேர்ந்து அவ மொகத்த நான் பாக்கறதில்ல. குழாயடியில அவ வந்தா நான் கொடத்தத் தூக்கினு வந்துடுவேன்."

காஞ்சனா காரின் மூக்கில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அக்ஷயா" என்றாள் கோதை.

"ம்... சொல்லும்மா."

"நீ கோயிலுக்குப் போகவேணாம். வீட்டுக்கு வா. சாவி மாடத்துல வெக்கறேன், நான் இருக்கமாட்டேன். கங்கம்மா வூடு வரைக்கும் போய்ட்டு வரேன்."