வாசலில் கொட்டிய தண்ணீர்

பெலாவின் புருஷன் விவெலின் உயிர் விட்டது காலையில், மாதா கோயில் மணி அடிப்பதற்குச் சற்று முன். மூன்று வருஷமாக அவனை உலுக்கியெடுத்த இருமல் ஒருவழியாக அடங்கியது. பெலா அழுதுகொண்டே எழுந்தாள். குடம், வாளி என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் தூக்கிவந்து வாசலில் கவிழ்த்தாள். சாவு விழுந்த வீட்டில் இறைத்துவைத்த தண்ணீர் தங்கக் கூடாது. யூத வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். கடைசி வாளியும் காலியான பிறகே எதிர்வீட்டு எனெலின் தன்னை வெறித்துப் பார்ப்பது கண்ணில் பட்டது.

தெற்கே ஊர் ஊராகக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. ரைன் நதிக்கரையில் இருந்த இந்த ஊருக்கு நோய் இன்னும் வரவில்லை, பயம் வந்துவிட்டது. யூதர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள், ஊர் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? வருஷம் தவறாமல் பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில், யூதர்கள் ஆண்டவரைக் கொன்ற கூட்டம் என்று கேட்டு வளர்ந்த காதுகள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது, அவ்வளவுதான்.

உச்சிப்பொழுதுக்குள் கிணற்றடியில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். பீப்பாய் செய்கிற குன்ட்ஸ் ஆள் அனுப்பினான். தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் பிணத்தோடு விட்டுவிட்டு பெலா போனாள். போகாவிட்டால் அவர்கள் வீட்டுக்கே வருவார்கள்.

தண்ணீரை ஏன் கொட்டினாய் என்று குன்ட்ஸ் கேட்டான். அவள் வழக்கத்தைச் சொன்னாள். என் மாமனார் செத்தபோதும் கொட்டினோமே, எனெலினைக் கேளுங்கள் என்றாள். எனெலின் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுக்குப் பிரசவம் பார்த்ததே பெலாதான்.

“விஷம்னு தெரிஞ்சுதான கொட்டின?” என்றான் குன்ட்ஸ்.

“அதே தண்ணியத்தானேண்ணே எம் பிள்ளைகளும் குடிக்குது?”

“தெக்கே உங்காளுக ஒருத்தனாவது நோய்ல செத்ததா எவனும் சொல்லலையே.”

செத்திருந்தார்கள், குடும்பம் குடும்பமாக. அதைப் போய்ச் சொல்லத்தான் படகுக்காரர்களுக்கு வாய் வரவில்லை.

இனிப் பேசிப் பயனில்லை என்று பெலாவுக்கு விளங்கிவிட்டது. கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் வாளியை இறக்கினாள். இறைத்த தண்ணீரை எல்லோரும் பார்க்க அள்ளிக் குடித்தாள். குளிர்காலத் தண்ணீர் தொண்டையை அறுத்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தாள். நெருங்கி நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். குன்ட்ஸ்கூடத் தாடையைச் சொறிந்துகொண்டு கீழே பார்த்தான். பிழைத்தோம் என்று நினைத்தாள்.

எனெலின்தான் வாயைத் திறந்தாள், தன் மகனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே.

“பயமே இல்லாம குடிக்கறா பாருங்க. விஷ முறிப்பு மருந்து தின்னுட்டு வந்திருக்கா.”

கூட்டம் மூச்சு விட்டது. அதானே என்றார் ஒருவர். அதற்காகவே காத்திருந்தவர்கள்போலப் பத்துப் பேர் பெலாவின் தெருப்பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகள் இருவரும் கதவைத் திறந்துகொண்டு, அம்மாவைத் தேடி வாசலுக்கு வந்து நின்றார்கள்.