இரண்டாவது பிளாக்குக்குப் போன செய்தி

அந்த லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் அவளை எல்லோரும் டெஸ்க் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்றுப் பத்துக் கட்டடங்களின் லிஃப்டுகள், அவற்றைப் பார்த்துக்கொள்ள இருபத்தாறு மெக்கானிக்குகள், அவர்களுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் அவள் ஒருத்தி. ஒரு நாளைக்கு இருநூறு போன் வரும். வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

அதனால் முதலாளி அவளைக் கூப்பிட்டு, "இனிமே எல்லாரும் ஒரே ஆப்புல பேசிக்கட்டும். எது நமக்குச் சரிப்படும்னு நீயே பாத்துச் சொல்லும்மா" என்றபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கடைசியில் இரண்டு ஆப்புகள் நின்றன. அவற்றின் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. படத்தின் நிறத்தை வைத்துப் பச்சை, நீலம் என்றார்கள். பச்சை எளிது. சிக்னல் மங்கலான இடத்திலும் செய்தி போய்ச் சேரும். தப்பாக அனுப்பிவிட்டால் இரண்டு பக்கமும் சுவடே இல்லாமல் அழித்துவிடலாம். நீலத்தில் எதையும் அழிக்க முடியாது. அதோடு, நிர்வாகி நினைத்தால் யாருடைய தனிச் செய்தியையும் திறந்து படிக்கலாம்.

நீலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முதலாளியின் மருமகன். கல்யாணமாகி ஆறே மாதத்தில் மேலாளர் நாற்காலிக்கு வந்தவர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை.

"யாரு என்ன பேசிக்கிறாங்கன்னு நமக்குத் தெரிய வேணாமா அக்கா?"

"வீட்ல உடம்பு சரியில்ல, ஒரு நாள் லீவு வேணும்னு என்கிட்ட தனியா கேப்பாங்க சார். அதையும் படிப்பீங்களா?"

"தேவைப்பட்டா."

அந்தத் 'தேவைப்பட்டா' மெக்கானிக்குகளின் காதுக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மீசை என்ற மெக்கானிக் வந்து அவள் மேசைமேல் கையூன்றினான். மீசையை எடுத்து எட்டு வருடமாகியும் பெயர் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

"அக்கா, நீலம் வந்துச்சுன்னா நான் போனை வீட்ல வச்சிட்டுத்தான் வேலைக்கு வருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் முதலாளியிடம் மல்லுக்கட்டி, பச்சையை இரண்டு வாரம் வைத்துப் பார்க்க அனுமதி வாங்கினாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு. முதல் வாரத்திலேயே போன் பாதியாகக் குறைந்தது. அவள் மதியச் சாப்பாட்டைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டாள். மாப்பிள்ளையின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது.

கூட்டத்துக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அது நடந்தது.

ஒரே வளாகத்தில் இரண்டு வேலைகள். மூன்றாவது பிளாக்கில் மெயினை அணைத்துவிட்டுக் கதவு ரிப்பேர். இரண்டாவது பிளாக்கில் மீசை லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கியிருந்தான். குழியில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் உண்டு. அதை அழுத்திவிட்டால் லிஃப்ட் அசையாது. அன்றைக்கு மாற்ற வேண்டியதே அந்த ஸ்விட்சைத்தான். பவர் இருந்தால் லிஃப்ட் தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கிவிடும். ஆகவே மொட்டைமாடி மெஷின் ரூமில் மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, பக்கத்திலேயே ஒருவன் காவல் நின்றான். அவன் பெயரும் பூட்டுதான். சொல் வராமல் பூட்டைத் திறக்கமாட்டான் என்பதால் வந்த பெயர். குழிக்குள் சிக்னல் எட்டாது; அங்கே இருப்பவனால் மாடியில் இருப்பவனோடு பேச முடியாது. வேலை முடிந்தவன் குழியிலிருந்து ஏறி வந்து அவளுக்குச் செய்தி அனுப்ப, அவள் மெஷின் ரூமுக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பிளாக்கிலிருந்து 'முடிஞ்சுது' என்று செய்தி வந்தது. அதே நேரம் ஒரு வாடிக்கையாளர் போனில் கத்திக்கொண்டிருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "பாக்கறேன் சார், ஆள் அனுப்பறேன் சார்" என்றபடியே அவள் தட்டினாள்: 'வேலை முடிஞ்சுது. பவர் போடலாம்.'

அனுப்பிய பிறகுதான் மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். பிளாக் இரண்டு.

பூட்டு பார்த்துவிட்டான் என்பதற்கான குறி வந்தது. அவள் விரல் தானாகப் போய்ச் செய்தியை அழித்தது. அவன் கண்ணில் அது இருக்கவே கூடாது என்பது மட்டும்தான் அப்போது அவள் நினைப்பு. 'வேண்டாம்! போடாதே!' என்று அனுப்பினாள். அதைப் பார்த்த குறி வரவில்லை. போன் செய்தாள். அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அவன் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பூட்டுக்குச் சாவி தேடிக்கொண்டிருந்தான்.

அவள் இரண்டாவது பிளாக்கின் வரவேற்பு மேசைக்கு அடித்தாள். ஒரு பெண் குரல், "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி..."

"அம்மா, லிஃப்ட் குழிக்குள்ள ஆள் இருக்கான்! லிஃப்ட் எறங்கப் போகுது! ஓடிப்போய்க் கதவைத் தட்டு! கத்தும்மா!"

அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. ரிசீவர் மேசையில் விழுந்த சத்தம். செருப்புச் சத்தம் ஓடியது. தகரத்தை இரண்டு கையாலும் அறையும் சத்தம். "அண்ணா! வெளிய வாங்க! லிஃப்ட் வருது!" பிறகு, எங்கோ உயரத்திலிருந்து மோட்டார் உறுமியது. டெஸ்க் அக்காவுக்கு அது போன் வழியாகவே கேட்டது. பிறகு ஏதோ உரசியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

"மேடம், இருக்கீங்களா? கதவைத் தொறந்துட்டாரு. லிஃப்ட் நின்னுடுச்சு. கையில அடி. ஆனா ஆள் இருக்காரு."

ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று மீசை தரைத்தளக் கதவைச் சாத்திவிட்டுத்தான் உள்ளே வேலை செய்திருக்கிறான். தட்டும் சத்தம் கேட்டு எம்பி, உள்பக்கத் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்திருக்கிறான். கதவு நாலு விரல் திறந்தால் போதும், லிஃப்ட் நின்றுவிடும். அவன் கையை உரசிக்கொண்டு, தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

மதியம் மாப்பிள்ளை பூட்டை நிற்க வைத்து விசாரித்தார். அவள் மேசைக்கு எதிரிலேயே.

"யாரு சொல்லி போட்ட?"

"செய்தி வந்துச்சு சார். பவர் போடலாம்னு."

"காட்டு."

பூட்டு போனை நீட்டினான். அதில் 'வேண்டாம்! போடாதே!' மட்டும்தான் இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவன் திரும்பத் திரும்ப விரலால் தள்ளித் தேடினான்.

"இருந்துச்சு சார். சத்தியமா இருந்துச்சு."

"போடாதேன்னு இருக்கு. நீ போட்டிருக்க." மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க வேற ஏதாவது அனுப்பினீங்களா?"

'ஆமாம்' என்ற ஒரே வார்த்தை போதும். அவள் தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். "நான்... பாத்துச் சொல்றேன் சார்" என்றாள்.

பூட்டு அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. 'அக்கா கண்டுபிடித்துவிடுவாள்' என்ற நம்பிக்கை இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. நாளையிலிருந்து வர வேண்டாம், கூட்டத்தில் முடிவு சொல்கிறோம் என்று அவனை அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர், நிதானமான மனுஷர். சோற்றில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அழிச்சது வேற யாருக்கும் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"ஆளுக்கு ஒண்ணும் ஆகல. நீ பேசாம இரு. வாயைத் தொறந்தா வேலை போயிடும்."

"அவன் வேலை போகுதேங்க."

"அவனுக்கு வேற எடத்துல கெடைக்கும்."

"ஆளைக் கொல்லப் பாத்தவன்னு பேர் எடுத்தவனுக்கு எந்த லிஃப்ட் கம்பெனியில கெடைக்கும்?"

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மெக்கானிக்குகளும் வந்திருந்தார்கள். கையில் கட்டோடு மீசை சுவரோரம் நின்றான். பூட்டு கதவுக்கு வெளியே. மாப்பிள்ளை நீலத்தைப் பற்றிப் பேச எழுந்தார். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"சார், பவர் போடலாம்னு அனுப்பினது நான்தான். மூணாவது பிளாக்குக்கு அனுப்ப வேண்டியது. தப்புன்னு தெரிஞ்சதும் அழிச்சிட்டேன். பூட்டு மேல ஒரு தப்பும் இல்ல. நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

மாப்பிள்ளையின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அவருக்கு வேண்டிய ஆதாரம் கையில் வந்து விழுந்துவிட்டது. ஆனால் அதை எடுத்துக் கொடுத்தது அவள்.

"அப்ப நீலம்தான் சரின்னு ஒத்துக்கறீங்க" என்றார்.

"அழிக்க முடியாதுங்கிற வரைக்கும் சரி. என்னை மாதிரி ஆளுக்கு அது வேணும். ஆனா தனிச் செய்தியைப் படிக்கிற சாவி உங்ககிட்ட இருக்கக் கூடாது சார். இருந்தா எவனும் அதுல உண்மையை எழுதமாட்டான். இன்னொண்ணு, பவர் போடச் சொல்றது எந்த ஆப்புலயும் வேண்டாம். குழியிலேர்ந்து ஏறினவன் வாயால சொல்லி, மேல இருக்கிறவன் காதால கேக்கணும். ரேடியோ வாங்கிக் குடுங்க."

முதலாளி நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மருமகனைப் பார்க்காமலே சொன்னார். "நீலம். படிக்கிற வசதியை மூடிடு. ரேடியோ இன்னைக்கே வாங்கு. வெளிய நிக்கிறவனை உள்ள கூப்பிடு." அவளிடம் குரலைத் தாழ்த்தினார். "நீ மூணு மாசம் டெஸ்க்ல உக்கார வேண்டாம்மா. ஸ்டோர்ஸுக்குப் போ."

"சரி சார்."

உள்ளே வந்த பூட்டு அவளைக் கடந்து போகும்போது நின்றான். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். அவன் நேற்று நம்பியது இந்தச் சொல்லைத்தான். ஆனால் ஒரு நாள் தாமதமாக வந்துவிட்டது.

படிக்கட்டில் மீசை பின்னாலேயே இறங்கி வந்தான்.

"அக்கா."

அவள் திரும்பினாள். அவன் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்குச் சாயங்காலம் பூட்டு வீட்டுக்குப் போய் அவனை அடிக்கறதா இருந்தேன். என் மச்சான் ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தேன். அவன் பிள்ளைங்க முன்னாடியே அடிச்சிருப்பேன். இப்ப உங்களை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியலடா" என்றாள் அவள்.

அவன் போனை எடுத்து, மச்சானைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொன்னான்.