மஞ்சள் பெட்டிக்கு ஒன்பது வோட்டு குறைவு

மலாயாவில் பாலோ ஸ்டேஷன் மாஸ்டரான கதிரேசுவுக்குத் தன் மனைவியின் தமையன் ஏரம்பமூர்த்தி மேல் பன்னிரண்டு வருடக் கோபம். கல்யாணப் பந்தலில், யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் அத்தனை பேர் முன்னால், "எங்கட மாப்பிள்ளை மலாயாவில ரயிலுக்குக் கொடி காட்டுறவர்" என்று சொல்லிவிட்டார் அந்த மனிதர். பந்தலே சிரித்தது. அன்று சாப்பிட்டது எல்லாம் செரித்துவிட்டது, அந்தச் சிரிப்பு மட்டும் கதிரேசுவுக்குச் செரிக்கவில்லை.

அப்படிப்பட்ட ஏரம்பமூர்த்தி முப்பத்தாறாம் ஆண்டு இலங்கை அரசாங்க சபைத் தேர்தலில் நின்றார். அங்கே வேட்பாளருக்கு ஒரு நிறப் பெட்டி. திரைக்குப் பின்னால் போய், வேண்டியவரின் நிறப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஏரம்பமூர்த்திக்கு மஞ்சள், எதிராளிக்கு நீலம்.

சேதி தெரிந்ததுதான் தாமதம், கதிரேசுவின் மனைவி அன்னபாக்கியம் தங்காக் பட்டணத்துக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கட்டு மஞ்சள் துணி வாங்கி வந்துவிட்டாள். வாசல் திரை மஞ்சள், தலையணை உறை மஞ்சள், கணவரின் கைக்குட்டைகூட மஞ்சள். பாலோவில் ஒருவருக்கும் அங்கே வோட்டு இல்லையே என்றால் கேட்கிற ஆளா? ஸ்டேஷன் போர்ட்டர் லெட்சுமணன் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுல மாரியம்மன் திருவிழாங்களாய்யா?" என்று கேட்டான்.

கதிரேசு மஞ்சள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே யாழ்ப்பாணத்தில் இருந்த தன் தாயாருக்கு ரகசியமாக ஒரு கடிதம் எழுதினார். நம் வீட்டு வோட்டுப் பதினொன்றும் நீலப் பெட்டிக்கே போக வேண்டும் என்று. ஸ்டாம்பை ஒட்டும்போது மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வோட்டு எண்ணிய இரவு முழுக்கப் புருஷனும் பெண்சாதியும் தூங்கவில்லை. விடியற்காலையில் ஸ்டேஷன் தந்திக் கருவி தட்டியது. சிங்கப்பூரில் இருந்த உறவுக்காரர் கொழும்பிலிருந்து வந்த கேபிளைப் பார்த்துவிட்டு அனுப்பிய சேதி. கதிரேசுவே கேட்டு எழுதினார்: ஏரம்பு தோல்வி, ஒன்பது வோட்டு.

முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகுதான் அந்த ஒன்பது கண்ணில் குத்தியது. பதினொரு பேர் பெட்டி மாறினால் மஞ்சளில் பதினொன்று குறையும், நீலத்தில் பதினொன்று கூடும். ஆக இருபத்திரண்டு வித்தியாசம். ஐயோ, மனிதரைக் கவிழ்த்தது என் கடிதமல்லவா! அன்னத்துக்குத் தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? சிரிப்புப் போன இடம் தெரியவில்லை.

வீட்டில் அன்னபாக்கியம் மஞ்சள் சேலையோடு வாசலில் நின்றாள்.

"தோத்துப் போனார், அன்னம்."

"எத்தினை வோட்டால?"

"தொளாயிரம்," என்றார் கதிரேசு, கூசாமல்.

அவள் உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "தொளாயிரமோ? அப்ப ஆரும் ஒண்டும் செய்திருக்க ஏலாது," என்றாள். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்ததைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. அடுத்த இருபது நாளும் தானே கோப்பி போட்டுக் கொடுத்தார், கிணற்றுத் தண்ணீர் அள்ளினார். குற்றமுள்ள புருஷனைப் போல வீட்டுக்கு உபகாரி வேறு யார்?

இருபத்தோராம் நாள் தாயாரின் கடிதம் வந்தது. அந்த வீட்டில் ஊர்க் கடிதம் வந்தால் கதிரேசு சாப்பிடுவார், அன்னபாக்கியம் பக்கத்தில் இருந்து உரக்க வாசிப்பாள். எப்போதும் அதுதான் வழக்கம். அன்று மட்டும் மாற்றினால் சந்தேகம் வராதா? சோற்றைப் பிசைந்தபடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"'மகனே, நீலப் பெட்டியில் போடச் சொல்லி எழுதியிருந்தாய்,'" என்று வாசித்து, அன்னபாக்கியம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்தாள். "'வண்டி கட்டிக்கொண்டு பதினொரு பேரும் போய் மஞ்சளில்தான் போட்டோம். அன்னத்தின் தமையனை நாங்கள் விட்டுக்கொடுப்போமா? கொடி காட்டுகிறவன் என்று அவன் சொன்னதில் என்ன பொய்? நீ கொடிதானே காட்டுகிறாய். என்ன செய்வது, ஒன்பது வோட்டில் போய்விட்டது.'"

அப்பாடா, தான் கவிழ்க்கவில்லை! ஆனால் பெற்ற தாய் உட்படப் பதினொரு பேரில் ஒருவர்கூடத் தன் பேச்சைக் கேட்கவில்லையே! எதற்கு மகிழ்வது, எதற்கு நோவது என்று தெரியாமல் கதிரேசு வசவுக்குக் காத்திருந்தார்.

வசவு வரவில்லை. அன்னபாக்கியத்தின் முகம் வெளுத்திருந்தது.

"ஒன்பதோ? தொளாயிரம் எண்டியள்?"

"நீர் தாங்கமாட்டீர் எண்டு..."

"இஞ்சாருங்கோ, நானும் எழுதினனான்," என்றாள். "அண்ணை வெண்டால் கொழும்பில வீடெடுத்துப் போயிடுவார். அம்மா தனியக் கிடந்து சாகப்போறா எண்டு பயந்து, மஞ்சளில போட வேண்டாம் எண்டு அம்மாவுக்கு எழுதிப்போட்டன். அங்க அஞ்சு வோட்டு. அஞ்சும் நீலத்துக்குப் போட்டிட்டம் எண்டு, வோட்டுப் போட்ட அண்டைக்கே எழுதின மறுகடிதம் நீங்கள் ஸ்டேஷனில நிக்கேக்க வந்தது. தொளாயிரத்தில அஞ்சு என்ன எண்டு இருந்தனான்." அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஒன்பதில அஞ்சு போனால் நாலு. நான் எழுதாட்டிலும் அண்ணை நாலு வோட்டால தோத்திருப்பார், என்ன?"

அவள் எழுதாதிருந்தால் மஞ்சளில் ஐந்து கூடும், நீலத்தில் ஐந்து குறையும். பத்து. தோற்றதோ ஒன்பது. கதிரேசுவுக்குக் கணக்குப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை. பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த மனிதர், கையில் இருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

"ஓம், நாலால தோத்திருப்பார்."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"நான் கொடி காட்டுறவன்தான், அன்னம். எண்டாலும் ஒன்பதில அஞ்சு போனால் நாலு எண்டு எனக்குத் தெரியாதே?"